கற்றவர்க்கு இல்லம் உண்டு, கற்பித்தவர்க்கு?

ஓர் ஊரில் எந்த வீடுகள் இடியாமல் காக்கப்படுகின்றன, எந்த வீடுகள் கேட்பாரற்று மண்ணாகின்றன என்பதைப் பார்த்தாலே, அவ்வூரில் எவருடைய நினைவு போற்றப்படுகின்றது என்பது விளங்கிவிடும். கல்லும் காரையும் தாமாக நிற்பதில்லை. அவற்றை நிறுத்தி வைப்பதற்குப் பொருள் வேண்டும். பொருளினும் மேலாக, அங்கு வாழ்ந்தவர் தம்மவர் என்னும் உணர்வு வேண்டும். அவ்வுணர்வு உடையவர் கடல் கடந்து வந்தும் சுவர் எழுப்புவர். அஃது இல்லாதவர் அடுத்த தெருவில் இருந்துகொண்டே தம் முன்னோர் வீடு சரிவதைப் பார்த்திருப்பர். இவ்வுண்மையைத் தமிழர்க்கு எடுத்துக்காட்டும் ஊரொன்று மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கின்றது. அவ்வூரே தரங்கம்பாடி.

அவ்வூருக்குள் புகுவோர், டேனியர் 1792இல் கட்டிய நகரவாயிலைக் கடந்து செல்கின்றனர். எதிரே கடல், கரையில் அவர்கள் எழுப்பிய கோட்டை, தெருவின் இருமருங்கும் உயர்ந்த தூண்களும் தடித்த செங்கற்சுவர்களும் உடைய பழைய வீடுகள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இவ்வூரின் மீனவர் குடியிருப்பைத் தாக்கி உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் இங்குள்ள பழைய வீடுகள் பலவற்றை மீட்கும் பணி விரைவு பெற்றது. டென்மார்க்கு நாட்டாரும் செருமானியரும் பொருள் தந்தனர், வல்லுநர் வந்தனர், பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து குழைத்துச் சுவர்கள் பூசப்பெற்றன. அவ்வாறு புத்துயிர் பெற்றவற்றுள் ஒன்று சீகன்பால்குவின் பெயர் தாங்கிய இல்லம். செருமனியின் ஆலே நகரத்துப் பிராங்கே அறநிறுவனத்தின் முயற்சியால் அது 2017இல் பண்பாடுகளுக்கிடையேயான உரையாடலைப் பொருளாகக் கொண்ட அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது.

அதைக் காணச் செல்லும் தமிழர் உள்ளத்தில் முதலில் எழுவது வியப்பு. முந்நூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த தம் நாட்டார் ஒருவர்க்காகச் செருமானியர் இத்துணைத் தொலைவு வந்து ஒரு வீட்டை மீட்டிருக்கின்றனரே என்னும் வியப்பு அது. அவ்வியப்பு முறையானதே. ஆனால் வியப்போடு திரும்பிவிடுகின்றவர் பாதியைத்தான் பார்த்தவராவர். இவ்வீட்டின் வரலாற்றில் இன்னொரு பாதி இருக்கின்றது. அந்தப் பாதி தமிழருடையது. அதற்கு இன்னும் ஒரு கூரையும் இல்லை.

வரலாற்றைத் தொடக்கத்திலிருந்தே பார்த்தல் வேண்டும். 1620இல் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர், டென்மார்க்கு அரசனின் ஆள்களுக்கு இக்கடற்கரையில் வணிகம் செய்யவும் கோட்டை கட்டவும் உடன்பட்டார். அரசன் நான்காம் கிறித்தியானுக்கு அவர் விடுத்த ஓலை பொன்னேட்டில் தமிழில் பொறிக்கப்பெற்றது. அப்பொன்னேடு இன்றும் கோப்பனேகன் நகரின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது. தஞ்சை அரசு இன்று இல்லை. டேனியர் ஆட்சியும் இல்லை; 1845இல் அவர்கள் இவ்வூரையும் வங்கத்துச் செராம்பூரையும் ஆங்கிலேயர்க்குப் பன்னிரண்டரை இலக்கம் உருபாவுக்கு விற்றுவிட்டுச் சென்றனர். இரண்டு ஆட்சிகளும் மறைந்த பின்னும் தமிழ் பொறித்த ஏடு அழியாமல் இருக்கின்றது. ஆனால் அஃது இருப்பது கோப்பனேகனில்.

ஊரின் பெயரும் இந்நிலையினின்று தப்பவில்லை. அலைகள் பாடும் ஊர் என்று இதற்குப் பொருள் சொல்லிச் சுற்றுலாவினரை மகிழ்விப்பது இன்றைய வழக்கம். தரங்கம் என்னும் வடசொல்லுக்கு அலை என்று பொருள். பாடி என்பதைப் பாடுதலாகக் கொண்டு இவ்விளக்கத்தை ஆக்கிக்கொண்டனர். ஆனால் தமிழில் பாடி என்பது ஊரைக் குறிக்கும் சொல் என்பது எவரும் அறிந்தது. இக்கடற்கரையில் அலையால் அரிக்கப்பட்டு நின்ற மாசிலாமணிநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவருமன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றே சொல்கின்றது. டேனியர் நாவில் அது திராங்கேபார் ஆயிற்று. கல்வெட்டுப் பெயர் மறக்கப்பட்டது. கட்டுப் பெயர் விளக்கம் பெற்றது. வீட்டை இழப்பதற்கு முன்பே பெயரை இழந்துவிடுவது தமிழர்க்குப் பழகிப்போன ஒன்று.

இனி வீட்டிற்குரியவரைப் பார்க்கலாம். பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682இல் செருமனியில் பிறந்தவர். டென்மார்க்கு அரசன் நான்காம் பிரடெரிக்கு விடுப்ப, தம் தோழர் புளூட்சோவுடன் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையேறினார். அன்று அவருக்கு இருபத்து நான்கு அகவை நிறைவதற்கு ஒருநாள் குறைவு. சமயம் பரப்ப வந்தவர் அவர். மக்களிடம் பேச வேண்டுமெனில் மக்கள் மொழியில் பேச வேண்டும் என்பதை வந்தவுடனே உணர்ந்தார். கோட்டைக்குள் வழங்கிய போர்த்துக்கீசியக் கலவைப் பேச்சோடு அமைந்துவிடாமல், தமிழ் கற்கத் துணிந்தார்.

எவ்வாறு கற்றார்? எழுபது அகவை சான்ற திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தேடிக்கண்டு, அவர் தம் பள்ளியையே தாம் தங்கியிருந்த வீட்டில் நடத்துமாறு வேண்டிக்கொண்டார். ஆசிரியர் வந்தார்; பிள்ளைகளும் வந்தனர். ஐரோப்பாவில் உயர்கல்வி பயின்ற அவ்விளைஞர், தமிழ்ச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஆளவந்தோரின் கோட்டை நிழலில், ஆளப்பட்டோரின் கிழவர் ஒருவர் முன்னே, வெள்ளை நிறத்தவர் மாணவராக அமர்ந்தார். தரங்கம்பாடி வரலாற்றில் தமிழர் நெஞ்சில் பொறித்து வைக்கத் தக்க காட்சி இதுவே.

எழுத்தறிவித்தவர் அக்கிழவர். மொழியின் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தவர் அழகப்பன். ஐரோப்பியர் அவரை அலெப்பா என்று எழுதி வைத்தனர். டேனிய வணிகக் குழுவில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, போர்த்துக்கீசியம் முதலிய அயல்மொழிகளை அறிந்திருந்தவர் அவர். கோட்டையில் இருந்தோரின் சினத்துக்கு ஆளாகி ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட துன்பமும் அவருக்கு உண்டு. சீகன்பால்கு தமிழில் பேசவும் எழுதவும் நூல்களைப் புரிந்துகொள்ளவும் வல்லவரானதற்கு அவருடைய உழைப்பே அடிப்படை. ஆயினும் சீகன்பால்குவை அறிந்த தமிழருள் அழகப்பனை அறிந்தவர் எத்துணைப் பேர்? பாடநூலில் மாணவன் பெயர் நிற்கின்றது. ஆசிரியன் பெயர் இல்லை. எழுத்தறிவித்தவனை இறைவன் என்று போற்றும் மக்களின் நாட்டில் இப்படியும் ஒரு நிலை!

சீகன்பால்குவின் பெருமையை இங்கு எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் தொகுத்த தமிழ்ச் சுவடிகளின் விளக்கப் பட்டியல் ஒன்றை அவர் எழுதினார். நூறு நூல்களுக்கு மேற்பட்டவை அதில் இடம்பெற்றன. தொல்காப்பியம் அதில் உண்டு. திருக்குறள் அதில் உண்டு. இச்சுவடிகளைத் திரட்ட அவர் தம்மிடம் பணியாற்றிய தமிழ் எழுத்தர்களை நாட்கணக்கில் நடந்து உள்நாட்டுக்குச் செல்ல விடுத்தார். ஏட்டுக்குரியவர் இறந்தபின் அவற்றை வைத்திருந்த கைம்பெண்டிரிடமிருந்தும் சுவடிகள் வாங்கப்பெற்றன. தொல்காப்பியப் பொருளதிகாரமும் கலித்தொகையும் சி. வை. தாமோதரம் பிள்ளையின் கையால் அச்சேறுவதற்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகட்கு முன்பே, தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்னும் எண்ணம் ஓர் அயலார்க்குத் தோன்றியது. இதற்கு நன்றி சொல்லாதவன் தமிழனாகான். 1716இல் ஆலே நகரில் அவருடைய தமிழ் இலக்கணம் இலத்தீனில் வெளிவந்ததும் அத்தகைய அரும்பணியே. ஆனால் ஏடு தேடிக் காட்டிலும் மேட்டிலும் நடந்த கால்கள் தமிழனுடையவை. ஏட்டைப் படியெடுத்த விரல்கள் தமிழனுடையவை. ஏட்டின் பொருளை விரித்துரைத்த வாய் தமிழனுடையது. நன்றியைப் பங்கிடும்போது இவர்களின் பங்கு எங்கே போயிற்று?

இவ்வினாவின் முழுக் கூர்மையையும் உணர்த்தவல்லது மற்றொரு செய்தி. 1712 முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சீகன்பால்குவும் அவர் தோழர் கிருண்ட்லரும் தமிழர் பலரிடம் வினாக்களை விடுத்து, மறுமொழி எழுதித் தருமாறு கேட்டனர். இறை, வழிபாடு, கல்வி, மருத்துவம், திருமணம், குடும்ப வாழ்க்கை, கிறித்தவரைப் பற்றிய கருத்து எனப் பலவும் வினவப்பட்டன. தமிழர் எழுதினர். சிலவிடத்தில் பணிந்தும், சிலவிடத்தில் நிமிர்ந்தும் எழுதினர். உங்கள் சமயம் நன்றெனில் உங்களவர் நடத்தை ஏன் நன்றாக இல்லை என்று கேட்கவும் அவர்கள் தயங்கவில்லை. அம்மடல்கள் செருமானியத்தில் பெயர்க்கப்பெற்று ஆலே நகரில் 1714 முதல் இரு பகுதிகளாக வெளிவந்தன. அவை 99 மடல்கள். எழுதியவர் பெயர்கள் அவற்றில் இல்லை. தமிழ் மூலமும் இன்று தமிழர் கையில் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழன் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே எழுதிய சொற்களை, இன்றைய தமிழன் செருமானியத்தின் வழியாகத்தான் கேட்க முடிகின்றது. பெயரையும் மொழியையும் இழந்த பின்னரே அக்குரல் உலகத்தின் காதில் விழுந்தது.

அவர்களைக் குறித்த பெயர்தானும் அவர்களுடையதன்று. தமிழ் மொழியையும் தமிழரையும் மலபார் என்னும் பெயராலேயே ஐரோப்பியர் எழுதி வந்தனர். அம்மடல்களின் தலைப்பிலும் அச்சொல்லே நின்றது.

இவர்களினும் கீழே புதைக்கப்பட்டோர் உண்டு. அக்காலத் தரங்கம்பாடியின் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகள் இருந்தனர். சீகன்பால்கு 1707இல் முதன்முதல் திருமுழுக்களித்த ஐவரும் டேனியர்க்கு அடிமைப்பட்டிருந்தவரே. அடிமைகளுக்குக் கற்பிப்பதையும் ஏழையர்க்காகப் பரிந்து பேசுவதையும் கோட்டைத் தலைவன் விரும்பவில்லை. 1708இன் இறுதியில் சீகன்பால்குவையே பிடித்து நான்கு திங்கள் கோட்டையில் சிறையிட்டான். பழைய மாளிகைகளின் அழகிய தூண்களையும் அகன்ற கூடங்களையும் கண்டு மகிழ்வோர், அக்கூடங்களைக் கூட்டிப் பெருக்கியவர் யார், தண்ணீர் சுமந்தவர் யார், இரவில் எந்த மூலையில் படுத்தனர் என்று ஒருமுறையேனும் கேட்டல் வேண்டும். ஆண்டவனின் கட்டிலைக் காட்டி அடிமையின் பாயை மறைப்பது வரலாறு ஆகாது. அது வீட்டு விளம்பரம்.

அச்சுக்கலையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். இந்தியாவில் தமிழ் முதன்முதல் அச்சேறியது தரங்கம்பாடியில் என்று சிலர் சொல்லித் திரிகின்றனர். அது பிழை. 1578இல் கொல்லத்தில் அன்றிக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. பொய்ப் பெருமை தரங்கம்பாடிக்குத் தேவையில்லை. மெய்ப் பெருமையே போதிய அளவு உண்டு. இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு பரப்பும் கழகம் விடுத்த அச்சுப்பொறி 1712இல் வந்து சேர்ந்தது. இங்கிருந்து அனுப்பப்பெற்ற எழுத்து வடிவங்களைப் பார்த்து ஆலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் அடுத்த ஆண்டு வந்தன. அவை அளவிற் பெரியனவாய்த் தாளை விழுங்கின. அதனால் அச்சுப் பணிக்கென வந்திருந்த ஆட்லர், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார். இலண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயமும் அதற்குப் பயன்பட்டதென்பர். பொறையாற்றில் தாள் செய்யும் பட்டறையும் எழுந்தது. கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் இன்றும் அதற்குச் சான்று. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது. அதன் நடை வடசொல் மிகுந்த கலப்பு நடை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அக்குறையை வெளிநாட்டார் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. தமிழர் வாயில் வழங்கிய கலப்பையே அவர் கேட்டார், கேட்டதையே எழுதினார். கற்பிப்போர் மொழி எவ்வாறோ கற்போர் மொழியும் அவ்வாறே.

இவற்றையெல்லாம் சொன்னால் சிலர் முகம் சுளிப்பர். அயல்நாட்டார் தம் பொருளைச் செலவிட்டு ஒரு வீட்டை மீட்டிருக்க, அதற்கு நன்றி சொல்லாமல் குறைகூறுவதா என்பர். இது நேர்மையான கேள்வியே. ஆதலின் நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். மீட்டவர் மேல் குறை ஏதும் இல்லை. தம்மவரை அவர்கள் நினைத்தனர். நினைக்க வேண்டியவாறே நினைத்தனர். ஆலே நகரத்தார் தம் ஊர்க் கல்விச்சாலையில் பயின்றவரின் கையெழுத்துகளை முந்நூறு ஆண்டுகளாகப் பேணி வருகின்றனர். அவர்கள் பேணியிராவிட்டால் அழகப்பன் என்னும் பெயரும் இன்று கிடைத்திராது. குறை தமிழர் மேலது. செருமானியர் சீகன்பால்குவை மீட்டனர் எனில், அழகப்பனை மீட்க வேண்டியவர் எவர்? செருமானியரா?

தமிழர் தம்மவர் வீடுகளை எவ்வாறு பேணினர் என்பதற்குச் சென்னைத் திருவல்லிக்கேணியே சான்று கூறும். சிந்தாமணியும் சிலம்பும் புறநானூறும் அச்சேறக் கரணியமாக இருந்த உ. வே. சாமிநாதர் பல ஆண்டுகள் வாழ்ந்து தமிழ்ப்பணி ஆற்றிய வீடு அங்கே இருந்தது. சுவடிகளோடும் கரையானோடும் அவர் போராடிய இடம் அது. அவ்வீடு 2012இல் இடிக்கப்பட்டது. அறிஞர் சிலர் குரல் எழுப்பினர், செய்தித்தாள்கள் எழுதின, ஆயினும் வீடு போயிற்று. ஆலே நகரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு எத்துணைத் தொலைவு! தமிழ்நாட்டின் ஆட்சிமனையிலிருந்து திருவல்லிக்கேணிக்கு எத்துணைத் தொலைவு! பொருளில்லாமல் அவ்வீடு இடியவில்லை. தம்முடையது என்னும் உணர்வில்லாமல் இடிந்தது.

எனவே செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. தமிழ்நாட்டில் அயலார் காலத்து வீடு எதுவாயினும், எவர் பொருளால் மீட்கப்பட்டதாயினும், அங்கு எழுதி வைக்கப்படும் விளக்கங்களில் தமிழ் முதலில் நிற்றல் வேண்டும். அதுவும் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த உயிரற்ற தமிழாக இல்லாமல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை படித்துப் பொருள் கொள்ளும் நல்ல தமிழாக இருத்தல் வேண்டும். வீட்டில் வாழ்ந்த ஆண்டைகளின் பெயரோடு, அவர்க்கு மொழி தந்த ஆசிரியர், ஏடு தந்த எழுத்தர், சுவர் எடுத்த கொத்தர், உழைத்துத் தேய்ந்த அடிமைகள் ஆகியோரின் நினைவும் அதே அளவு எழுத்தில் பொறிக்கப்படல் வேண்டும். பெயர் கிடைக்காவிடத்து, பெயர் கிடைக்கவில்லை என்பதையே எழுதி வைத்தல் வேண்டும், அவ்வெற்றிடமும் வரலாறுதான்.

கோப்பனேகனில் உள்ள பொன்னேட்டின் படியும், ஆலே நகரில் உள்ள தமிழ்க் கையெழுத்துகளின் படிகளும் தமிழ்நாட்டு மாணவர் எளிதில் காணும் இடங்களில் வைக்கப்படல் வேண்டும். செருமானியத்தில் உறைந்துள்ள அந்த 99 மடல்களும் நல்ல தமிழுக்குத் திரும்பிப் பள்ளிதோறும் சென்றடைதல் வேண்டும். தம் பாட்டனின் பாட்டன், கோட்டைக்காரனை நோக்கி என்ன கேட்டான் என்பதைத் தமிழ்ப் பிள்ளை அறிந்து வளர்தல் வேண்டும். தரங்கம்பாடியில், சீகன்பால்குவின் இல்லத்துக்கு அருகிலேயே, அழகப்பன் பெயரால் ஒரு திண்ணைப்பள்ளி எழுதல் வேண்டும். அதற்கு மாளிகை வேண்டா. ஒரு திண்ணையும், ஒரு கூரையும், மணல் பரப்ப நாலு முழ இடமும் போதும். ஊரார் கூடினால் ஒரு கோடைவிடுமுறைக்குள் முடிக்கத்தக்க பணி அது.

விடுமுறை நாளில் தரங்கம்பாடிக்குச் செல்லும் தமிழ்ப் பெற்றோர் கோட்டையைக் காட்டுவர், கடலைக் காட்டுவர், அவ்வில்லத்தையும் காட்டுவர். நன்று, காட்டட்டும். அதன்பின் தம் பிள்ளைகளைக் கடற்கரை மணலில் அமர்த்தி, ஓர் அகரம் எழுதச் சொல்லட்டும். இவ்வெழுத்தைத்தான், இம்மணலில்தான், கடல் கடந்து வந்த ஒருவர் தமிழ்க் கிழவர் ஒருவரிடம் கற்றார் என்று சொல்லட்டும். கற்றவர்க்கு வீடு இருக்கின்றது, கற்பித்தவர்க்கு இன்னும் இல்லை, அதைக் கட்டுவது உன் கடன் என்று சொல்லட்டும். அப்பிள்ளை கையிலுள்ள மணலைத் தட்டிவிட்டு எழும்போது, கற்பித்தவர் இல்லத்துக்கு முதற்கல் நாட்டப்பட்டுவிடும்.